வெள்ளாங்குளத்துக்குப் போன மூன்று தட்டுக் கேக்கும் கடல்பக்கத்து ஸ்பிரிங்கும்

பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தபடியால் உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் மட்டும் போனோம். திரும்பி வந்து ஓட்டோவை நிறுத்த முதலே நீங்கள் மூன்று பேரும் இரண்டு கேள்வி கேட்டீர்கள். கேக் உடைந்ததா என்பது ஒன்று. உங்களுக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த கேக் ஓரத் துண்டுப் பையில் ஏன் பாதியைக் காணவில்லை என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஒரே கதைதான். வாயால் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து தன் கதையாக்கிவிடுவா. ஆகையால் எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு படகுக்குப் போனவன். எழுத்துப் பிழைகளைப் பெரியவள் திருத்தட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

காலை 6.10. தாழ்வுபாடு. எங்கள் வீட்டு வாசல் படலையிலிருந்து புறப்பட்டோம். அதற்கு முதல் இரண்டு நாளாக நான் ஓட்டோவில் மீன் ஏற்றவில்லை. தேசிக்காய், சவர்க்காரம், மறுபடி தேசிக்காய் என்று நாலு தரம் கழுவினேன். ஒவ்வொரு தரமும் அம்மா வந்து தலையை உள்ளே விட்டு மணந்து பார்த்துவிட்டு, "இன்னும் சூடைமீன் மணக்குது" என்று சொல்லிவிட்டுப் போவா. நாலாம் தரம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இது அம்மாவின் முதல் கலியாணக் கேக் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், முதல் நன்மை என்று எத்தனையோ செய்திருக்கிறா. ஆனால் மூன்று தட்டில், தூண் வைத்து, ஐசிங் பூ வைத்து இதுதான் முதல். வெள்ளாங்குளத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பின்னேரம் மூன்றரைக்குக் கலியாண எழுத்து. எழுத்து முடிந்தவுடன் கேக் வெட்டுவார்கள். மல்லிகைப்பூ மட்டும் இருநூற்றுப் பதினாறு. ஒன்பது நாள் இருந்து செய்தவா. நீங்கள் யன்னல் பக்கம் ஓடினாலே, "காத்துப் படுது, ஓடாதேங்கோ" என்று கத்தினவா. அந்தக் கேக் நொறுங்கிப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் இனி ஒருவரும் அவவிடம் கேக் சொல்லமாட்டார்கள். அதைவிட, அம்மாவே இனி மாவைத் தொடமாட்டா. எனக்குப் பயம் அதுதான்.

மூன்று தட்டையும் மூன்று அட்டைப் பெட்டியில் வைத்திருந்தா. ஏற்ற முன் தன் கண்ணாடிப் போத்தலை எடுத்து வந்தா. நீட்டுப் போத்தல், கழுத்துவரை தண்ணீர், உள்ளே ஒரே ஒரு குமிழி. மேசையில் ஐசிங் பூச முன் அதைப் படுக்க வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாவே, அதே போத்தல். அதைப் பின் இருக்கையில் குறுக்காகப் படுக்க வைத்தா. குமிழி நடுவில் நின்றது.

"சரி. பெரிய பெட்டியைக் கடல்பக்கமா வையுங்கோ," என்றா.

எங்கள் வீட்டில் இடது வலது என்று யார் சொல்கிறோம்? கடல்பக்க யன்னல், கடல்பக்கச் சுவர், தரைப்பக்கக் கதவு. ஓட்டோவும் அப்படித்தான். அது எந்த நாளும் படலைக்குள் மேற்கே பார்த்து நிற்கும். கடல் எங்களுக்குத் தெற்கே. அதனால் அதன் ஒரு பக்கம் எப்போதும் கடலைப் பார்த்திருக்கும். மீன் பெட்டிகளை அந்தப் பக்கத்தால்தான் ஏற்றுவேன். பாரமும் ஐஸ் தண்ணீரும் அந்தப் பக்கத்துக்கே போய், போன வருடம் வண்டியின் உடம்பே அந்தப் பக்கம் வளைந்து தணிந்துவிட்டது. வண்டி சாயாமல் இருக்க, அந்தப் பக்க ஸ்பிரிங்கின் அடியில் ஒரு தடித்த இரும்பு வளையம் போடுவித்தேன். இந்த வளையத்தை நினைவில் வைத்திருங்கள்.

6.35. மன்னார் நகரம். என் மீற்றரில் ஐந்தரைக் கிலோமீற்றர். என் மீற்றர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஆனாலும் வேறு கணக்கு என்னிடம் இல்லை. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஏழெட்டுக் கழுதைகள் நடுத்தெருவில் நின்றன. ஹோர்ன் அடித்தேன், அசையவில்லை. அம்மா பின்னால் இருந்து, "அடியாதேங்கோ, வெருண்டு பாஞ்சுதெண்டால் நீங்கள் பிறேக் போடுவியள்" என்றா. ஆகவே கழுதைகள் தாமாக நகரும்வரை காத்திருந்தோம். ஒரு கழுதை ஓட்டோவுக்குள் முகத்தை விட்டுப் பெட்டியை மணந்தது. அம்மா தன் கைலேஞ்சித் துணியால் அதன் மூக்கில் தட்டினா.

6.55. பாலம் தாண்டினோம். காற்று பக்கவாட்டில் அடித்தது. மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் திட்டிக்கொண்டே முந்திப் போனான். அக்கரையில் சோதனைச் சாவடியில் ஓர் இளம் ஆமிக்காரன் மறித்தான். பெட்டிகளைப் பார்த்தான், மூக்கைச் சுருக்கினான்.

"மாளு?" என்று கேட்டான். சிங்களத்தில் மீனா என்கிறான்.

"மாளுவோ!" என்று அம்மா பெட்டி மூடியைத் திறந்தே விட்டா. வெள்ளை ஐசிங்கும் மல்லிகைப்பூவும் தெரிந்தன. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி பின்னால் போய், மெதுவாகப் போங்கள் என்று கையால் காட்டினான். நாலு தரம் கழுவியதைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு மூன்று கிலோமீற்றருக்குப் பேசினா.

7.50. விடத்தல்தீவுக்குத் திரும்பும் சந்தி. மீற்றரில் இருபத்தொன்பது. இரண்டு பிளேன்ரீயும் இரண்டு உளுந்து வடையும் நூற்றிருபது ரூபா. நான் இறங்கிக் குடித்தேன். அம்மா சின்னப் பெட்டியை மடியில் வைத்தபடி ஓட்டோவுக்குள் இருந்தே குடித்தா. பூநகரி வீதி இப்போது கண்ணாடி மாதிரி. சண்டை முடிந்த புதிதில் இதே வழியால் வந்தபோது ஒரு குழியில் ஏறி மறு குழியில் இறங்கினோம். "இப்படியே போனால் ஒன்பதுக்குப் போயிடுவம்" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

8.35. இலுப்பைக்கடவைக்கு இந்தப் பக்கம் ஒரு மதகைத் திருத்துகிறார்கள். அதற்காகத் தெருவைவிட்டுக் கீழே இறங்கி ஏறும்படி ஒரு கிறவல் பாதை. நடக்கிற வேகத்தில்தான் இறங்கினேன். ஏறும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். ஓட்டோ இடது பக்கம் குந்திவிட்டது. அம்மா, "யேசுவே!" என்றா.

நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் இரண்டு பெட்டியையும், நாடியால் மடியில் இருந்த பெட்டியையும் பிடித்தபடி இருந்தா. கண்ணை மூடியிருந்தா.

"திறந்து பாருங்கோ. நான் பாக்கமாட்டன்," என்றா.

திறந்தேன். பெரிய தட்டுக்கு ஒன்றுமில்லை. சின்னதுக்கும் இல்லை. நடுத்தட்டின் ஒரு மூலையில் ஐந்து மல்லிகை விழுந்திருந்தது. ஐந்து என்று சொன்னதும் அம்மா கண்ணைத் திறந்தா. "முப்பது பூ கூடச் செய்து கொண்டு வந்தனான்" என்றா.

ஆனால் ஓட்டோ நகராது. ஒவ்வொரு பின் சில்லையும் ஓர் இரும்புக் கை தாங்குகிறது. அந்தக் கைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் ஸ்பிரிங் சுற்றிய ஷொக் அப்சோபர் நிற்கிறது. அதைக் கையோடு பூட்டியிருந்த போல்ட் அறுந்து போயிருந்தது. அறுந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்புத் துரு. மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் செய்த வேலை. இத்தனை தரம் உள்பக்கத்தைக் கழுவிய நான் ஒரு தரமும் அடியில் குனிந்து பார்க்கவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

8.50. சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். அரைக் காற்சட்டை, வெயில் படாத வெள்ளைக் கால். நிலத்தில் படுத்து அடியைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"போல்ட் அறுந்திட்டுது அண்ணை. மற்றப் பக்கமும் இண்டைக்கோ நாளைக்கோ அறுந்திடும். ரெண்டையும் கழட்டி மாட்டுறதுதான் சரி."

"தம்பி மெக்கானிக்கோ?"

"ஓம். ஆனா இதுக்கில்லை. பனியில ஓடுற ஸ்கூட்டருக்கு."

அவர் பெயர் செல்வன். இலுப்பைக்கடவை ஆள். பதினைந்து வருடமாகக் கனடாவில். ஒரு மாத லீவில் தமக்கை வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே பனிக்கு மேல் ஓடும் வண்டிகளைத் திருத்துகிற கராச்சில் வேலை.

அம்மா பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, "பனியில ஓடுறதைத் திருத்துறவர் இந்த மணலில என்னத்தைக் கழட்டப் போறார்?" என்று என்னிடம் கேட்டா. மெதுவாகக் கேட்டதாக நினைப்பு. அவருக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா, அந்த வண்டிக்குச் சில்லே இல்லை. முன்னுக்கு ரெண்டு சறுக்குக் கட்டை. பின்னுக்கு மில் பெல்ட் மாதிரி அகலமான றப்பர்ப் பட்டி. பின் ஸ்பிரிங், ஷொக் எல்லாம் அந்தப் பட்டிக்குள்ள சிக்கிக் கிடக்கும். அதை முழுசா வெளியில இழுத்து, திருப்பி உள்ளுக்குத் தள்ளுறதுதான் மாரி காலம் முழுக்க என்ர வேலை. உங்கட ஓட்டோ எனக்கு விளையாட்டுச் சாமான்."

"விளையாட்டுச் சாமானுக்குள்ள கலியாணக் கேக் இருக்குது தம்பி," என்றா அம்மா.

9.15. செல்வனின் தமக்கை தங்கம் அக்காவின் வீடு ஐம்பது மீற்றர் தூரத்தில். ஓட்டோவை நாங்கள் தூக்கித் தள்ளிக் கொண்டுபோக, அம்மா பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி மூன்று தரம் நடந்தா. வாசலில் வந்து தயங்கி நின்றா. சைவ வீடு, வெள்ளிக்கிழமை, வீடு கழுவி மஞ்சள் தெளித்திருந்தது.

"அக்கா, இதில முட்டை போட்டிருக்குது. சொல்லாமல் உள்ளுக்குக் கொண்டு வரக்கூடாது," என்றா.

"எத்தினை முட்டை?" என்று தங்கம் அக்கா கேட்டா.

"தொண்ணூறு."

"தொண்ணூறோ! ஒண்டு ரெண்டெண்டால் யோசிக்கலாம். இதுக்குப் பிறகு யோசிச்சு என்ன? சாமியறைப் பக்கம் வேண்டாம், நெல்லறைக்குள்ள வையுங்கோ. அதுதான் குளிர்."

நெல்லறையில் ஒரு மேசை போட்டு, எறும்பு ஏறாமல் அதன் நாலு காலையும் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் வைத்தார்கள். அம்மா ஒரு கதிரையைப் போட்டு, விசிறியோடு காவலுக்கு இருந்துவிட்டா.

9.40. இப்போது கழட்டுகிற வேலை. இதைக் கவனமாக எழுதுகிறேன். ஒரு நாள் உங்களில் ஒருவருக்கு உதவும்.

செல்வன் முதலில் பெற்றோல் பைப்பைப் பூட்டச் சொன்னார். பிறகு பற்றறியைக் கழட்டி வெளியில் வைத்தார். "பனி வண்டியையும் இப்பிடித்தான் ஒருக்களிச்சுப் படுக்க வைப்பம்" என்று சொல்லி, வைக்கோல் சாக்கைப் பரப்பி, ஓட்டோவை அதன்மேல் மெதுவாகச் சாய்த்தோம். அடிப்பக்கம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. துருவும் மீன் செதிலும்.

மிஞ்சி இருந்த போல்ட்டுகளின் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. நான் பலமாகத் திருப்பப் போனேன். செல்வன் கையைப் பிடித்தார்.

"பலம் போடாதேங்கோ அண்ணை. சுத்துறதைச் சுத்த விட்டால் நாள் முழுக்கச் சுத்தும். ஒரு பக்கத்தை அசையாமப் பிடிச்சால்தான் மற்றப் பக்கம் விடும். அந்தப் பனி வண்டியிலயும் இதே கரைச்சல்தான். தண்டின்ர ரெண்டு அந்தத்திலயும் போல்ட், ஒண்டைத் திருப்ப மற்றதும் சேர்ந்து கழரும்."

அவர் தலைப்பக்கத்தை ஒரு ஸ்பானரால் பிடிக்க, நான் மறுபக்கம் நட்டைத் திருப்பினேன். டீசல் ஊற்றிக் கால் மணித்தியாலம் ஊறவிட்ட பிறகு விட்டது. இரண்டு ஷொக்கும் வெளியே வந்தன. தடித்த கிறீஸும் துருவும் மூடி இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"இதில ஒண்டில வளையம் இருக்குதே. இது எந்தப் பக்கத்தது? அடையாளம் போடுங்கோ," என்றார்.

"கடல்பக்கம்," என்றேன் உடனே. என் பையில் கிடந்த நீல வலைநூலை எடுத்து அதில் ஒரு முடிச்சுப் போட்டேன்.

அறுந்த போல்ட்டைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு, அதே அளவில் நாலு புதுப் போல்ட் பார்க்கச் செல்வன் வெல்டிங் கடைக்குப் போனார்.

10.50. பெண்ணின் தகப்பன் தொலைபேசியில் வந்தார். அம்மா என்னிடம் தரவில்லை, தானே கதைத்தா.

"ஓம் அண்ணை, கேக் பத்திரமா இருக்குது. இலுப்பைக்கடவையில, நிழலில." கொஞ்ச நேரம் கேட்டா. "வான் மாப்பிளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வரப் போயிட்டுதோ? சரி." இன்னும் கேட்டா. "ட்ரக்டரோ? வேண்டாம் அண்ணை! அதைவிட நான் தலையில வைச்சு நடந்து வாறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "இரண்டுக்குப் பிறகு போனால் தூண் வைச்சு அடுக்க நேரம் காணாது," என்றா. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. நெல்லறைக்குள் போய் மறுபடி விசிறத் தொடங்கினா.

11.10. செல்வன் வர முதல் தங்கம் அக்காவின் கணவர் நெல் மூட்டைகளோடு ட்ரக்டரில் வந்தார். எங்கள் ஓட்டோ பாதையை மறித்துக்கொண்டு கிடந்தது. அவரும் இரண்டு கூலியாட்களும் நானும் அதை நிமிர்த்தி, படகைக் கரையில் திருப்புவதுபோல் பின்பக்கத்தைத் தூக்கிச் சுழற்றி, வேம்பின் கீழ் ஒதுக்கி விட்டோம். ட்ரக்டர் உள்ளே போனது. நல்ல மனிதர். "கேக்கில எனக்கும் ஒரு துண்டு வருமோ?" என்று கேட்டுவிட்டு மூட்டை இறக்கப் போனார்.

11.25. செல்வன் நாலு போல்ட்டோடு வந்தார். போல்ட்டும் நட்டும் நானூற்றெண்பது ரூபா. மாட்டுவதற்கு வண்டியைச் சாய்க்கத் தேவையில்லை என்றார். வண்டியின் உடம்பைத் தூக்கிச் சீமெந்துக் கல்லில் வைத்தோம். ஆனால் ஷொக்கின் ஓட்டையும் இரும்புக் கையின் ஓட்டையும் இரண்டு அங்குலம் விலகி நின்றன. நான் படகுக் கயிற்றைக் கொண்டுவந்து முறுக்கி இழுத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம் வந்து வழுகிவிட்டது.

செல்வன் வீட்டுக்குள் போய், கனடாவிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்த அகலப் பட்டியை எடுத்து வந்தார். அதில் ஒரு பிடி இருக்கிறது. பிடியை ஆட்ட ஆட்ட, பல் பல்லாக இறுகும், திரும்பி வழுகாது. பட்டியை இரும்புக் கையிலும் வண்டியின் உடம்பிலும் சுற்றி, 'டிக் டிக்' என்று இறுக்கினார். ஓட்டைகள் ஒன்றையொன்று தேடி வந்தன.

"முகத்தை நேரா வையாதேங்கோ அண்ணை. இறுகி நிக்கிற ஸ்பிரிங் விட்டால் பல்லுத் தெறிக்கும். அங்க ஒருத்தன் ரெண்டு பல்லை விட்டிட்டு நிக்கிறான்."

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியமானது. எல்லாப் போல்ட்டும் உள்ளே போகும்வரை ஒன்றையும் இறுக்கக் கூடாது. கையால் நாலு புரி மட்டும் திருப்பி விடவேண்டும். ஒன்றை முதலே இறுக்கினால் மற்றது ஓட்டைக்கு வராது. நாலும் உள்ளே போனபின் வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் இருக்கும்போதுதான் இறுக்கவேண்டும்.

"வளையம் போட்டது எந்தப் பக்கம் எண்டனீங்கள்?"

"கடல்பக்கம் தம்பி."

காற்று வந்த பக்கத்தைப் பார்த்தேன். கடல் அங்கேதான். நீல நூல் கட்டியதை அந்தப் பக்கம் நானே தூக்கிக் கொடுத்தேன். நாலு போல்ட்டும் போட்டு, இறக்கி, இறுக்கி, பட்டியைச் சுருட்டியபோது மணி 12.35. செல்வனின் வேர்வை மணலில் சொட்டியது. "பனியில முழங்கால் மரத்துப் போகும். இஞ்ச ஆளே உருகிப் போவார் போல," என்று சிரித்தார்.

12.40. அம்மாவைக் கூப்பிட்டேன். அவ பெட்டியோடு வரவில்லை, போத்தலோடு வந்தா. பின் இருக்கையில் குறுக்காகப் படுக்க வைத்தா. குமிழி ஓடிப்போய் வலது அந்தத்தில் ஒட்டிக்கொண்டது. திருப்பி வைத்தா. மறுபடி அங்கேயே ஓடியது.

"இது சாஞ்செல்லோ நிக்குது," என்றா.

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். உண்மைதான். இடது பக்கம் குந்தி, வலது பக்கம் கொக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது. செல்வன் நிலத்தில் படுத்தார், எழும்பினார், மறுபடி படுத்தார்.

"போல்ட் சரி. கை சரி. அண்ணை, கடல்பக்கம் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம். கடல்பக்கத்துக்குத்தானே போட்டனாங்கள்?"

"போட்டனாங்கள்."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். பனி வண்டியிலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். மணி ஒன்றாகப் போகிறது. நாங்கள் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டோவின் முகத்தைப் பார்த்தா, பிறகு தெருவைப் பார்த்தா.

"இஞ்சேருங்கோ," என்றா, "ஓட்டோ மன்னாரைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்குது. காலமை வெள்ளாங்குளத்தைப் பாத்துக்கொண்டு நிண்டது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ட்ரக்டருக்கு வழிவிட நாங்கள் திருப்பிய திருப்பில் ஓட்டோவின் கடல்பக்கம் தரைப்பக்கமாகிவிட்டது. தாழ்வுபாட்டில் அது எந்த நாளும் ஒரே பக்கம் பார்த்து நின்றதால், அந்தப் பக்கம் வண்டிக்கே சொந்தமான பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வன் கேட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணை, நான் அங்க போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். எங்கட கராச்சில கடலும் இல்லை!"

தங்கம் அக்கா திண்ட வெற்றிலையோடு ஓடிவந்து என்னவென்று கேட்டா. அம்மா, "ஒண்டுமில்லை அக்கா, இவர் கடலை மாத்தி வைச்சிட்டார்" என்றா. காலையிலிருந்து அப்போதுதான் அம்மா சிரித்தா. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

இரண்டாம் தரம் முப்பத்தைந்து நிமிடம்தான். புதுப் போல்ட், சுகமாகக் கழன்றது. பட்டி கையில் இருந்தது. எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, இறக்கி, பாரத்துக்குத் தங்கம் அக்காவின் கணவரைப் பின்னால் இருத்தி, இறுக்கினோம். 1.20க்கு அம்மா போத்தலை வைத்தா. குமிழி நடுவில் வந்து நின்றது. அம்மா பெட்டியை எடுக்கப் போனா.

செல்வன் கூலி வாங்க மறுத்துவிட்டார். "லீவில வந்தனான் அண்ணை, லீவில காசு வாங்கிறேல்லை" என்றார். அப்போதுதான், பிள்ளைகளே, அம்மா உங்கள் ஓரத் துண்டுப் பையைத் திறந்து பாதியை ஒரு தட்டில் கொட்டிக் கொடுத்தா. செல்வனும் தங்கம் அக்காவின் கணவரும் நின்ற நிலையிலேயே சாப்பிட்டார்கள். தங்கம் அக்கா மட்டும், "எனக்கு நாளைக்கு, சனிக்கிழமை," என்று இரண்டு துண்டை எடுத்து மூடி வைத்தா. இது உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில்.

2.05. வெள்ளாங்குளம். தாழ்வுபாட்டிலிருந்து மீற்றரில் ஐம்பத்தேழு. மீன் மணமே தெரியாத ஊர். வெட்டிய வயலும் வைக்கோலும் மணந்தன. பெண்ணின் தகப்பன் படலையில் நின்றார். காலையிலிருந்து அங்கேயே நின்றவர் போல் இருந்தது. பெட்டிகளை எண்ணினார். மூன்று என்று கண்டதும், "வாங்கோ, வாங்கோ, முதல்ல தண்ணி குடியுங்கோ" என்று அம்மாவைக் கூட்டிப் போனார். என்னை மறந்துவிட்டார். எனக்கு அதில் குறையில்லை.

மேசையில் அம்மா போத்தலை வைத்தா. மேசை சரியில்லை. ஒரு காலின் அடியில் பழைய கலியாணக் கார்ட் ஒன்றை மடித்து வைத்ததும் குமிழி நடுவுக்கு வந்தது. பெரிய தட்டு, நாலு தூண், நடுத்தட்டு, நாலு தூண், சின்னத்தட்டு. விழுந்த ஐந்து பூவின் இடத்தில் புதுப் பூ ஐந்து. எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. சரியாக மூன்று மணிக்கு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றா.

எழுத்து முடிந்து மணப்பெண் கத்தியை வைத்தபோது அம்மா என் சேர்ட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தா. கத்தி ஐசிங்கில் ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போனது. கேக் அசையவில்லை. அம்மா சேர்ட்டை விட்டா. மூலையில் இருந்த ஒரு பெரியம்மா, "இதார் செய்தது? என்ர மகளுக்கும் ஆவணியில இருக்குது" என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது. அம்மா உடனே திரும்பிப் பார்க்கவில்லை. சமையற்கட்டுக்குள் போய், ஒரு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கொஞ்சம் அழுதா. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பெரியம்மாவோடு ஆவணியைப் பற்றிக் கதைத்தா.

4.20. திரும்பினோம். பெட்டி இல்லாத ஓட்டோவில் அம்மா கால் நீட்டி இருந்தா. இலுப்பைக்கடவையில் செல்வன் தெருவில் மறித்தார். புதுப் போல்ட் கொஞ்சம் ஓடியபின் ஒருதரம் பார்க்கவேண்டும் என்று ஸ்பானரோடு காத்திருந்திருக்கிறார். ஒரு போல்ட் மட்டும் இன்னும் கால்வாசித் திருப்பு இறுகியது. பிறகு வெள்ளைப் பெயின்ற் எடுத்து, ஓர் இரும்புக் கையில் 'இ' என்றும் மறு கையில் 'வ' என்றும் எழுதினார்.

"இது கனடாவிலயும் மாறாது அண்ணை," என்றார்.

அங்கிருந்து மன்னார்வரை கடல் என் வலது கைப்பக்கம் வந்தது. காலையில் இடது பக்கம் இருந்த அதே கடல். நான் இத்தனை வருடம் இந்தத் தெருவில் போய் வந்தும் இதை ஒருநாளும் கவனித்ததில்லை. சாவடியில் அதே ஆமிக்காரன் நின்றான். எட்டிப் பார்த்து, வெறும் இருக்கையைக் கண்டு, கையை விரித்து எங்கே என்று கேட்டான். அம்மா கத்தியால் வெட்டுவதுபோல் காட்டினா. அவன் சிரித்து வழிவிட்டான்.

6.15. தாழ்வுபாடு. உங்களைச் சித்தி வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு படலைக்குள் வந்தேன். ஓட்டோவை வழக்கம்போல் மேற்கே பார்க்க நிறுத்தினேன். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அடியையும் கழுவுவேன், போல்ட்டுக்குக் கிறீஸ் பூசுவேன். 'இ', 'வ' இரண்டையும் நீங்களும் போய்ப் பார்த்து வைத்திருங்கள்.

அம்மா உள்ளே போய்க் கதிரையில் சரிந்து, கண்ணை மூடிக்கொண்டு, "சரியான வெக்கை. அந்தக் கடல்பக்க யன்னலை ஒருக்காத் திறந்து விடுங்கோ," என்றா.

வெளியில் போனால் ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. வீடு எந்த ட்ரக்டருக்கும் திரும்பிக் கொடுப்பதில்லை. நான் யோசிக்காமல் போய்த் திறந்துவிட்டேன். காற்று வந்தது.